முப்பதாயிரத்து முப்பத்தொன்று

முகாமில் ஒரே குழாயடியில் வாளி வைத்துச் சண்டை பிடித்தவர்களே, இதை உங்களுக்குத்தான் எழுதுகிறேன். நமக்கெல்லாம் முப்பது தாண்டிவிட்டது. ஒருத்தி கட்டாரில் இருக்கிறாள், ஒருவன் கனடாவில், மிச்சப்பேர் அந்த வாவிக்கரையிலேயே. கல்யாண வீட்டிலோ செத்த வீட்டிலோ சந்தித்தால், "அந்தக் கூடாரத்துக் காலம் நல்ல காலம், என்ன?" என்று கேட்கிறீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மத்தியான வெயிலில் அந்தப் பிளாஸ்டிக் துணிக்குள் நாம் அவிந்தது மறந்து போயிற்றா? ஆனாலும் உங்களோடு சண்டைக்கு வராமல் சிரித்து மழுப்பிவிட்டு வேறு கதைக்குப் போய்விடுவேன். உண்மையைச் சொன்னால், எனக்கு வெட்கம். அந்தக் காலத்துக் கதையை யார் எடுத்தாலும் எனக்கு ஓர் எண்தான் ஞாபகம் வரும். முப்பதாயிரத்து முப்பத்தொன்று. உங்களுக்கும் அந்த எண்ணைத் தெரியும். அதைக் கரும்பலகையில் எழுதிய பகலில் நீங்களும் வேப்பமரத்தடியில்தான் இருந்தீர்கள். எண்ணை மறந்திருப்பீர்கள். எங்கள் அம்மா அண்ணனுக்கு அடித்ததை மறந்திருக்க மாட்டீர்கள்.

கடல் வந்து போய் நாலைந்து மாதம் இருக்கும். ஆரையம்பதிக்குத் தெற்கே, கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருந்த எங்கள் வீட்டில் மிஞ்சியது கிணற்றுக் கட்டு மட்டும். அப்பாவைக் கடல் கொண்டுபோயிற்று. அதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, உங்கள் வீடுகளிலும் யாராவது போனார்கள். வாவிப் பக்கமாக ஒரு பள்ளிக்கூட வளவில் கூடாரம் அடித்துத் தந்தார்கள். கடல் பக்கம் தலை வைத்துப் படுக்க யாருக்கும் மனம் வரவில்லை. மீனும் தின்னவில்லை. மீன் இல்லாவிட்டால் சோறு இறங்காத சனம், காலையில் பாணும் பருப்பும், மத்தியானம் சோறும் பருப்பும் என்று கிடந்தது. கச்சான் காற்றுத் தொடங்கியதும் மேற்கிலிருந்து வாவியின் சேற்று மணம் வந்து கூடாரத்துக்குள் நிறைந்துவிடும். இன்றைக்கும் புதுப் பிளாஸ்டிக் விரிப்பை யாராவது பிரித்தால் நான் எழும்பி வெளியே போய்விடுவேன்.

அண்ணனுக்குப் பதினைந்து நடந்துகொண்டிருந்தது. எனக்குப் பத்து. அந்தச் சில மாதத்தில் அவன் சட்டென்று வளர்ந்துவிட்டான். கூடாரத்துக்குள் நன்றாகக் குனிந்துதான் நுழைவான். நிவாரணத்தில் வந்த காற்சட்டை எதுவும் அவனுக்குக் கணுக்கால் வரை வராது. அவன் எழுந்து நிற்கும்போதெல்லாம் அம்மா ஒரு மாதிரிப் பார்ப்பா. "இருந்துகொண்டு கதையன்டா" என்று சொல்லுவா. மகன் வளர்கிறானே என்று பெருமைப்படுகிறா என்றுதான் நான் நினைத்தேன். பத்து வயதுப் புத்தி அவ்வளவுதான்.

பின்னேரத்தில் லொறி வந்து பிஸ்கற் பெட்டி இறக்கினால் பங்கு பிரிக்கிற வேலை அண்ணனுக்கு. அப்பா கரைவலைக் கூட்டத்தில் மீன் கூறு போடுகிறவர். ஒரு கூறு மற்றக் கூறைவிடக் கூடியது என்று யாரும் வாய் திறந்ததில்லை. அதனால் மகனையும் பிள்ளைகள் நம்பினார்கள். கூறு போட்டு மிஞ்சியதை இருக்கிறவர்களில் ஆக இளையது எடுக்கும், அது கடற்கரை வழக்கம். எங்கள் கூட்டத்தில் ஆக இளையது நான்.

ஒரு நாள் அவன் பிஸ்கற்றுகளை மணலில் வரிசையாக அடுக்கிவிட்டு, பிரிக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"இஞ்ச பாரு புள்ள. முப்பத்தொண்டு கிடக்கு. ரெண்டு பேருக்குப் பிரிச்சாலும் ஒண்டு மிஞ்சும். மூண்டு பேருக்குப் பிரிச்சாலும் ஒண்டு மிஞ்சும். அஞ்சு பேருக்கும் ஒண்டுதான் மிஞ்சும்."

"மிஞ்சினது எனக்குத்தானே?"

"உனக்குத்தான்டி, வேற ஆருக்கு? அதில்ல கதை. ரெண்டு, மூண்டு, அஞ்சு மூண்டையும் பெருக்கிப் பாரு. முப்பது. அதோட ஒண்டைக் கூட்டினா முப்பத்தொண்டு. அதுதான் எல்லாத்துக்கும் ஒண்டு மிஞ்சுது."

எனக்குப் பிஸ்கற் கிடைத்தால் போதும். அவன் அதை விடவில்லை. முதன்மை எண் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறெதாலும் மீதியில்லாமல் பிரியாத எண், அவற்றை வரிசையாக எடுத்துப் பெருக்கி ஒன்றைக் கூட்டத் தொடங்கினான். இரண்டும் மூன்றும் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் ஏழு. ஐந்தையும் சேர்த்தால் முப்பத்தொன்று. ஏழையும் சேர்த்தால் இருநூற்றுப் பதினொன்று. பதினொன்றையும் சேர்த்தால் இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினொன்று. வாவிக்கரை ஈர மணலில் குச்சியால் வகுத்து வகுத்துப் பார்த்தான். ஒவ்வொன்றும் முதன்மை எண்ணாகவே வந்தது. தண்ணீர் எடுக்கப் போனவன் வாளியை மறந்துவிட்டு வருவான். அம்மா ஏசுவா, அவன் சிரிப்பான். அப்பா போன பிறகு அவன் சிரித்ததை நான் அப்போதுதான் கண்டேன்.

பதின்மூன்றையும் சேர்த்துப் பெருக்கினான். முப்பதாயிரத்து முப்பது. ஒன்றைக் கூட்டினான்.

நமக்கு மரத்தடியில் படிப்பித்த ரீச்சரை ஞாபகம் இருக்கும். ஆரையம்பதியிலிருந்து சைக்கிளில் வருவா, சங்கிலி கழன்றால் நாம்தான் போட்டுக் கொடுப்போம். தங்கமான மனுசி. ஆனால் கணக்கு அவவுக்கும் பயம். அண்ணன் தன் எண்களை எழுதிக் காட்டியதும் வாயில் கையை வைத்துக்கொண்டா.

"என்ட கடவுளே, இத நீயாடா கண்டுபிடிச்ச? ஒருத்தரும் சொல்லித் தரல்லயா?"

"இல்ல ரீச்சர். பிஸ்கற் பிரிக்கிறப்ப வந்திச்சு."

அன்றைக்கே முகாம் முழுக்கக் கதை பரவியது. குழாயடியில் சனம் அம்மாவுக்கு வழி விட்டது. சமையல் கொட்டிலில் அண்ணனின் கோப்பையில் சோற்றுக்கடியில் ஒரு முட்டையை ஒளித்து வைத்துக் கொடுத்தார்கள். "மூளைக்காரப் பொடியன், திண்டாத்தான் மூளை வேலை செய்யும்" என்றார்கள். அந்த வருடம் புலமைப்பரிசில் சோதனை எழுதவிருந்தவள் நான். பகல் முழுக்க வகுத்தல் கணக்குச் செய்து விரல் காய்த்துப்போனவள் நான். எனக்கு ஒரு முட்டையும் வரவில்லை. எனக்குப் பொறாமை. வேறு சொல் போட்டு அதை அழகாக்க நான் விரும்பவில்லை, சுத்தமான பொறாமை.

ரீச்சர் சும்மா இருக்கவில்லை. டவுனுக்குள்ளே பொடியன்களுக்கு ஒரு விடுதி இருந்தது. அதை நடத்துகிற பெரியவரிடம் போய் அண்ணனைப் பற்றிச் சொன்னா. அவர் நேரில் வந்து பிள்ளையைப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டார். பிடித்துக்கொண்டால் அழைத்துப் போவாராம், அங்கேயே படுக்கை, சாப்பாடு, பள்ளிக்கூடம் எல்லாமாம். அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து அம்மா ஆளே மாறிப்போனா. யாரிடமோ கடன்பட்டு ஒரு வெள்ளைச் சேட்டு வாங்கினா. அதைக் கழுவினா, காயவைத்தா, ஊத்தையாகாமலே மறுபடியும் கழுவினா. அண்ணன் விடுதிக்குப் போய் மெத்தையில் படுத்து முட்டை தின்னப் போகிறான், அதற்குத்தான் இந்த ஆரவாரம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

எதற்கென்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. உங்களுக்கும் உங்கள் வீட்டில் சொல்லியிருக்க மாட்டார்கள். சின்னப் பிள்ளைகளின் வாய் சும்மா இராது என்று பெரியவர்கள் தங்களுக்குள்ளேயே குசுகுசுத்தார்கள். அந்த நாட்களில் உயரமான பொடியன்களைச் சண்டைக்கென்று பிடித்துக்கொண்டு போனார்கள். யார் பிடித்தார்கள் என்று இப்போது கேட்டு என்ன, மாறி மாறிப் பிடித்தார்கள். ரியூசனுக்குப் போனவன் வரமாட்டான், கோயிலுக்குப் போனவன் வரமாட்டான். கூடாரத்துக்குக் கதவுமில்லை, பூட்டுமில்லை. டவுன் விடுதிக்குள் போய்விட்டால் ஓரளவுக்குத் தப்பினான். அம்மாவுக்கு அந்த எண்ணில் ஒரு மண்ணும் விளங்காது. அது மகனின் உயிரைக் காப்பாற்றக்கூடிய எண் என்று மட்டும் விளங்கியிருந்தது. அதை எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் வாயைத் தைத்துக்கொண்டு இருந்திருப்பேன்.

பெரியவர் வருவதற்கு முதல் நாள் அம்மா வாவிக்கரையில் உடுப்புத் துவைத்துக்கொண்டிருந்தா. நான் பக்கத்தில் மணலில் குந்திக்கொண்டு அண்ணனின் பெரிய எண்ணை எழுதினேன். இரண்டிலிருந்து பதின்மூன்று வரை வகுக்கத் தேவையில்லை, எல்லாவற்றுக்கும் ஒன்று மிஞ்சும் என்று தெரியும். பதினேழால் வகுத்தேன், ஒன்பது மிஞ்சியது. பத்தொன்பதால் வகுத்தேன், பதினொன்று மிஞ்சியது. வெயில் முதுகைச் சுட்டது. நுளம்பு காலைக் கடித்தது. நான் விடவில்லை. அவனைவிட எனக்கு வகுக்கத் தெரியும் என்று யாருக்காவது காட்டவேண்டும். நாற்பதுகளைத் தாண்டி, ஐம்பத்து மூன்றையும் தாண்டி, ஐம்பத்தொன்பதை எடுத்தேன். முந்நூறுக்குள் ஐந்து தரம், ஐந்து மிச்சம். மூன்றை இறக்கினால் ஐம்பத்து மூன்று, போகாது, பூச்சியம். ஒன்றை இறக்கினால் ஐந்நூற்று முப்பத்தொன்று. ஒன்பது தரம். மிச்சம் இல்லை.

மிச்சமே இல்லை! நான் இன்னொரு தரம் செய்தேன். பிறகு பெருக்கிப் பார்த்தேன். ஐம்பத்தொன்பதை ஐந்நூற்று ஒன்பதால் பெருக்கினால் அச்சொட்டாக முப்பதாயிரத்து முப்பத்தொன்று. அண்ணனின் எண் முதன்மை எண்ணே இல்லை. எழும்பி நின்று துள்ளினேன். "என்னடி பேய் பிடிச்சிட்டா?" என்று அம்மா துவைத்த துணியோடு திரும்பிப் பார்த்தா. நான் ஒன்றும் சொல்லவில்லை. மணலைக் காலால் அழித்துவிட்டேன். அன்று பின்னேரம் அண்ணனிடம் சொல்லியிருக்கலாம். எல்லாருக்கும் முன்னால் சொன்னால்தானே எனக்கும் கைதட்டுவார்கள் என்று வைத்துக்கொண்டேன்.

மறுநாள் நடந்தது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் என் பக்கத்திலிருந்து கேளுங்கள். வேப்பமரத்தடியில் கரும்பலகை. பெரியவர் கதிரையில் இருந்தார். வெள்ளை நீளக் காற்சட்டை, மடித்த பேப்பர், சட்டைப் பையில் பேனைகள். அம்மாமார் எல்லாரும் பின்னால் நின்றார்கள். நான் முன் வரிசையில் நிலத்தில் இருந்தேன். அண்ணன் அந்த வெள்ளைச் சேட்டோடு வந்தான். தோளில் இறுகிப் பிடித்திருந்தது. நிறுத்தாமல் எழுதினான். ஏழு, முப்பத்தொன்று, இருநூற்றுப் பதினொன்று, இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினொன்று, முப்பதாயிரத்து முப்பத்தொன்று.

"இதெல்லாம் முதன்மை எண் எண்டு சொல்றீர்?"

"ஓம் சேர். எவ்வளவு தூரம் போனாலும் இப்பிடித்தான் வரும்."

"எப்பிடி அவ்வளவு நிச்சயமாச் சொல்றீர்?"

"பெருக்கின எதால பிரிச்சாலும் ஒண்டு மிஞ்சும் சேர். ரெண்டாலயும் ஒண்டு மிஞ்சும், பதின்மூண்டாலயும் ஒண்டு மிஞ்சும். அப்ப பிரிபடாதுதானே."

பெரியவர் முன்னால் சாய்ந்தார். முகம் மலர்ந்துவிட்டது. ரீச்சர் அம்மாவின் கையை எட்டிப் பிடித்துக்கொண்டதை நான் கண்டேன்.

"கடைசி எண்ணைப் பிரிச்சுப் பார்த்தீரா தம்பி?"

அண்ணன் கொஞ்சம் நின்றான். "ஓம் சேர்."

"முழுக்கவும்?"

"ஓம் சேர்."

அப்போதுதான் நான் கையைத் தூக்கினேன். ரீச்சர் பழக்கியபடி முழங்கையை நிமிர்த்தி, நல்ல பிள்ளையாகத் தூக்கினேன். "சேர், அது அம்பத்தொம்பதால பிரியும்!"

ரீச்சர் "உஸ்" என்றா. பெரியவர் என்னைப் பார்த்தார். பேனையை எடுத்துப் பேப்பர் ஓரத்தில் வகுத்தார். நான் எழும்பி நின்று, அவர் எழுதுவதற்கு முன்பே, "ஐந்நூற்று ஒம்பது தரம் சேர்" என்றேன். அவர் வகுத்து முடித்துத் தலையை ஆட்டினார். "கெட்டிக்காரி" என்று சொல்லி அந்தப் பேனையையே என்னிடம் நீட்டினார். வெள்ளிக் கிளிப் வைத்த நீலப் பேனை. நான் அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. பலகையில் கடைசி வரியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பிழை விடலாம் தம்பி," என்றார் பெரியவர். குரலில் கோபமே இல்லை. "நானும் பிழை விட்டிருக்கிறன். ஆனா பிரிச்சுப் பார்க்காம, பார்த்தன் எண்டு சொல்லக்கூடாது. பொய் சொல்ற பிள்ளைய நான் என்ட விடுதிக்குள்ள எடுக்கிறல்ல."

அம்மா பின்னாலிருந்து சனத்தை விலக்கிக்கொண்டு வந்தா. வந்த வேகத்தில் அண்ணனின் கன்னத்தில் அடித்தா. "சேருக்குப் பொய்யாடா சொல்ற?" என்று கத்தினா. அடித்துவிட்டுப் பெரியவரைத் திரும்பிப் பார்த்தா. அவர் பேப்பரை மடித்துக்கொண்டிருந்தார். "பொய்யா சொல்ற நீ?" என்று இன்னொன்று அடித்தா. மறுபடியும் பார்த்தா. உங்கள் அம்மாமாரும் அசையவில்லை, பெரிய மனுசர் முன்னால் யார் அசைவது? மூன்றாவது அடி விழுந்தபோது அண்ணனின் கையிலிருந்த சோக்குக் கட்டி கீழே விழுந்து உடைந்தது. அவன் விலகவுமில்லை, கையால் மறைக்கவுமில்லை.

பெரியவர் எழும்பினார். "நல்லது அம்மா. வீட்டில கண்டிச்சு வளர்க்கிறதுதான் நல்லம்" என்று சொல்லிவிட்டு வாகனத்தை நோக்கிப் போனார்.

அன்றைக்குச் சாப்பாட்டு நேரம் முழுக்க அண்ணன் என்னை ஏசுவான் என்று காத்திருந்தேன். ஏசவில்லை. அவன் அதன்பிறகு மணலில் எழுதவுமில்லை. பிஸ்கற் வந்தால் வேறொருவன் பிரித்தான், அவன் கூறுகள் ஒருநாளும் சரியாக வராது. அந்தப் பேனையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வாவியில் எறிந்தேன் என்று எழுத ஆசைதான். எறியவில்லை. நல்ல பேனை, வழுக்கிக்கொண்டு எழுதும். அந்தப் பேனையால்தான் புலமைப்பரிசில் சோதனை எழுதினேன். பாசானேன். மை முடிந்த பிறகும் கனநாள் வைத்திருந்தேன், பிறகு எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

அண்ணனை முகாமில் வைத்திருக்க அம்மாவுக்குப் பயம். வாவியைக் கடந்து படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைக்கு அங்கால், சொந்தக்காரர் ஒருவரின் வட்டையில் காவல் வேலைக்கென்று அனுப்பினா. வயல்வெளிக்குள் யார் தேடப்போகிறார்கள் என்று நினைத்தா. தோணியில் ஏறும்போது அவனிடம் ஒரு உரப்பையும் அந்த வெள்ளைச் சேட்டும் இருந்தன. வயல் விதைத்துப் பயிர் பச்சை பிடிப்பதற்குள் அங்கேயே அவனைப் பிடித்துவிட்டார்கள். செய்தி கொண்டு வந்தவர் தோணியை விட்டு இறங்காமலேயே சொன்னார்.

போர் முடிந்து, தடுப்பு முகாமின் கம்பி வேலிக்குள் இருந்த காலமும் முடிந்து அவன் திரும்பி வந்தபோது எனக்கு அவனை அடையாளம் தெரியவில்லை. உயிரோடு வந்தான், அதற்கே அம்மா கோயில் கோயிலாகப் போனா. எத்தனையோ தாய்மாருக்கு அதுவும் கிடைக்கவில்லை. நான் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை. யார் என்ன கேட்டாலும் அவன் "ம்" என்பான். கிணற்றடியில் குளித்துவிட்டு, ஈரம் துடைக்காமலே நெடுநேரம் நிற்பான். நான் வகுத்தல் கணக்குச் செய்யும்போது அந்தப் பக்கம் வந்தால் புத்தகத்தை மூடிவிடுவேன். ஏன் மூடுகிறாய் என்று அவன் கேட்டதில்லை.

பிறகு நான் ஆசிரியப் பயிற்சிக்குப் போனேன். பாடம் எது என்று கேட்கிறீர்களா? கணக்குத்தான், வேறென்ன. ஒருநாள் விரிவுரையாளர் பலகையில் எழுதத் தொடங்கினார். இரண்டு தர மூன்று கூட்டல் ஒன்று. இரண்டு தர மூன்று தர ஐந்து கூட்டல் ஒன்று. முப்பதாயிரத்து முப்பத்தொன்று வரை வந்து நிறுத்தி, "இது எதால பிரியும்?" என்று கேட்டார். முழு வகுப்பிலும் பதில் தெரிந்தவள் நான் ஒருத்தி. நான் கை தூக்கவில்லை.

அவரே சொன்னார், ஐம்பத்தொன்பதால் பிரியும் என்று. ஆனால் அதோடு நிறுத்தவில்லை. இந்த எண் முதன்மை எண்ணாக இருந்தாலென்ன, இல்லாவிட்டாலென்ன, அதைப் பிரிக்கிற முதன்மை எண் நாம் பெருக்கியவற்றில் ஒன்றாக இருக்கவே முடியாது, அவற்றுக்கெல்லாம்தான் ஒன்று மிஞ்சுகிறதே, அப்படியானால் அது புது எண். எத்தனை முதன்மை எண்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, இவ்வளவுதான் என்று சொன்னாலும், இப்படிப் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் வெளியிலிருந்து புதிது ஒன்று வந்து நிற்கும். ஆகவே முதன்மை எண்களுக்கு முடிவே இல்லை. கிரேக்க நாட்டில் இரண்டாயிரம் வருடத்துக்கும் முன்னால் யோசித்தது, கணக்கிலேயே அழகான யோசனைகளில் ஒன்று என்றார்.

ஐம்பத்தொன்பது புது எண். அண்ணன் பிஸ்கற்றை வைத்துக்கொண்டு முக்கால் தூரம் போயிருந்தான். மிச்சக் கால் தூரத்தை அவனுக்குக் காட்ட வேண்டிய எண்ணை வைத்துத்தான் நான் அவனை விழுத்தினேன். அங்கே இருந்த பெரியவர்கள் ஒருவருக்காவது இது தெரிந்திருந்தால், "பிழைதான், ஆனா பதினைந்து வயசில இவ்வளவு யோசிச்சிருக்கிறானே" என்று சொல்லியிருப்பார்கள். நான் தண்ணீர் குடிக்கிற சாட்டில் வெளியே போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அதை அவனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வருடக்கணக்காக வரவில்லை. இப்போது நானும் ஒவ்வொரு வருடமும் பிள்ளைகளுக்கு முதன்மை எண் படிப்பிக்கிறேன். இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினொன்று வரை பலகையில் எழுதுவேன். அதற்கு மேல் இடமில்லை என்று சொல்லி அழித்துவிடுவேன். சிரிக்காதீர்கள், உண்மை.

போன அறுவடைக்குப் பிறகு ஒரு பின்னேரம் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணன் குடும்பமும் அங்கேதான். அவன் உழவு இயந்திரம் ஓட்டுகிறான். அவனுடைய மகள், என் மருமகள், கொப்பியோடு வந்து ஒட்டிக்கொண்டாள்.

"மாமி, முதன்மை எண் எங்க போய் முடியும்?"

"முடியாது" என்றேன்.

"ஏன் முடியாது?"

பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு இடமில்லை என்று சொல்லலாம். இந்தப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது? முற்றத்துச் சீமெந்தில் சோக்கால் எழுதத் தொடங்கினேன். பதின்மூன்று வரை வந்துவிட்டேன். நிமிர்ந்தால் அண்ணன் படியில் இருந்து தேத்தண்ணிக் கோப்பையோடு பார்த்துக்கொண்டிருக்கிறான்.

"எழுதன் புள்ள," என்றான்.

எழுதினேன். விரிவுரையாளர் சொன்ன எல்லாவற்றையும் மருமகளுக்குச் சொல்வது போல அவனுக்குச் சொன்னேன். மருமகள் என் முகத்தையும் தகப்பன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்ப நான் முழுப் பிழை இல்ல," என்றான்.

"இல்லண்ணா. நீ சரியான பாதையிலதான் போன."

அவன் ஒரு மிடறு குடித்தான். "அம்பத்து மூண்டு வரைக்கும் பிரிச்சன். அதோட மழை வந்திட்டு, மணல் எல்லாம் கரைஞ்சு போயிட்டு. மறுகா பார்ப்பம் எண்டு விட்டிட்டன். சேர் கேட்டப்ப ஓம் எண்டு வாயில வந்திட்டு."

அடுத்த எண் ஐம்பத்தொன்பது. இன்னும் ஒரு தரம் வகுத்திருந்தால் அவனே கண்டிருப்பான். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியாது, பக்கத்தில் முருங்கை இலை உருவிக்கொண்டிருந்த அம்மா மேல் பாய்ந்தேன்.

"கேட்டீங்களாம்மா? பொய்யன் எண்டு ஊருக்கு முன்னால போட்டு அடிச்சீங்களே. அவன் பிரிச்சுத்தான் பார்த்திருக்கிறான்!"

அம்மா இலை உருவுவதை நிறுத்தவில்லை.

"பொய் சொன்னானா, மெய் சொன்னானா எண்டு எனக்கென்ன தெரியும் புள்ள. அதுக்கா அடிச்சன்? பிள்ளைய அடிச்சா வந்த ஆக்கள் கையைப் பிடிப்பாங்க. போகட்டும் விடு புள்ள, சின்னப் பொடியன்தானே எண்டு சொல்லுவாங்க. பிடிச்ச பிறகு அவங்களுக்கே மனம் இரங்கும். எங்கட ஊரில ஆர் பிடிக்காம விட்டிருக்கிறாங்க? நீங்க சின்னனில களவா மாங்காய் ஆஞ்சதுக்கும் அப்பிடித்தானே அடிச்சன். மாங்காய்க்காரன் ஓடிவந்து பிடிக்கல்லயா?" அம்மா மூச்சு வாங்கினா. "அந்த மனுசனும் பிடிப்பார் எண்டு பார்த்தன். ஒண்டு அடிச்சுப் பார்த்தன், பிடிக்கல்ல. ரெண்டு அடிச்சன், பிடிக்கல்ல. மூண்டாவது எனக்கு ஏலாமப் போயிட்டு. அது மட்டும்தான் உண்மையான அடி."

மருமகள் சோக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். ஊருக்கு முன்னால் என்னால் வந்த வெட்கத்தில்தான் அம்மா அவனை அடித்தா என்று இத்தனை வருடமாக நான் நினைத்திருந்தேன். அப்படியில்லை. அம்மா இலைச் சுளகை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, அண்ணனைப் பார்க்காமல், "உனக்கு விளங்கியிருக்காது மனே" என்றா.

அண்ணன் கோப்பையைப் படியில் வைத்தான்.

"விளங்கினதும்மா," என்றான். "அதுதான் விலகாம நிண்டன். நானும் அவர்ர கையைத்தான் பார்த்துக்கொண்டு நிண்டன்."